படம் இல்லாத சீட்டு

அன்பு மகள் சசிகலாவுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை இனியா எழுதுவது. இங்கே அப்பாவும் நாங்களும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே மில் விடுதியில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க ரேணுகாம்பாளை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் பக்கத்திலேயே வார்டன் நிற்கிறார், எனக்கும் அழுகை வந்துவிடும், அதனால் உன்னோடு வேலை செய்யும் படவேட்டுச் சின்னபொண்ணு லீவு முடிந்து அங்கே திரும்பும்போது அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தரும் சாயங்கால வகுப்பில் பாஸாகி, பன்னீர்செல்வம் அண்ணன் பட்டுப்புடவைக் கடையில் பார்சல் வேலைக்குச் சேர்ந்தேன் என்று சொன்னேன் அல்லவா, அந்த வேலை போய்விட்டது கண்ணு. போனில் ஆர்டர் வரும் புடவைகளைப் பெட்டியில் வைத்து, முகவரிச் சீட்டைப் படித்து ஒட்ட வேண்டும். வந்தவாசிக்குப் போக வேண்டிய கல்யாணப் புடவையைத் தெள்ளாருக்கும், தெள்ளார்ப் புடவையை வந்தவாசிக்கும் சீட்டு மாற்றி ஒட்டி அனுப்பிவிட்டேன். முகூர்த்தத்துக்கு முதல் நாள் பெண் வீட்டார் பெட்டியைப் பிரித்தால் உள்ளே யாருடைய புடவையோ இருந்ததாம். அண்ணன் திட்டவில்லை, ஒரு சீட்டைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், ஒன்றும் வரவில்லை. "உன் மேல கோவம் இல்லக்கா, படிக்கத் தெரியாத ஆள வெச்சிகினு நான் எப்படி பார்சல் அனுப்புவேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் இனியா என் பாடப் புத்தகத்தில் படங்களைக் கையால் மறைத்துப் படிக்கச் சொன்னாள். படம் தெரிந்தால் மடமடவென்று சொல்கிறேன், மறைத்தால் வாய் கட்டிப்போகிறது. இத்தனை நாளும் படத்தைப் பார்த்து மனப்பாடம் சொல்லியிருக்கிறேன் சசி. யாரையும் ஏமாற்றவில்லை, எனக்கே தெரியாது. வகுப்பிலும் பரீட்சையிலும் எல்லோரும் சேர்ந்து சத்தமாகச் சொல்லுவோம், அதில் என் குரல் தனியாக யாருக்குக் கேட்கும்?

சொல்லிக்கொடுத்த ஹேமலதாவிடம் போய் மறுபடி சேர்த்துக்கொள்ளக் கெஞ்சினேன். "கவர்மெண்ட் கணக்குல நீங்க படிச்சவங்கக்கா, பாஸானவங்க பேர திரும்ப ஏத்த மாட்டாங்க" என்றாள். பின்னால் தரையில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். எல்லோரும் பாஸானதால் வகுப்பையே மூடிவிட்டார்களாம், சொல்லும்போது அவள் கண்ணும் கலங்கியது. இனியா தினமும் சொல்லித் தருகிறாள், சீட்டைப் படிக்கும் அளவுக்கு எப்போது வருமோ, அதற்குள் கடையில் வேறு ஆள் சேர்ந்தாகிவிட்டது. அப்பாவுக்கும் தறி வேலை விட்டுவிட்டுத்தான் வருகிறது.

ஜூனில் உன்னை அழைத்துவந்து பன்னிரண்டாவதில் சேர்ப்பேன் என்று வாக்குக் கொடுத்தவள், இன்னும் ஒரு வருடம் அங்கேயே இருந்துவிடு என்று சொல்கிறேன். இந்த வரியை எழுத மாட்டேன் என்று இனியா பேனாவை மூடி வைத்துவிட்டாள். நான் கையைப் பிடித்துக் கெஞ்சிய பிறகுதான் எழுதுகிறாள். என்னை வெறுத்துவிடாதே.

பஞ்சுத் தூசி ஏறாமல் மூக்கில் துணி கட்டிக்கொள். நீ தீர்க்காயுசாக நன்றாக இருக்க வேண்டும். வேலையை நீட்டிக்கக் கையெழுத்துக் கேட்பார்கள், அவசரப்பட்டுப் போட்டுவிடாதே, ஒரு வருடம்தானா என்று ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார். உனக்குப் படிக்கத் தெரியும்.

இப்படிக்கு,
உன் அம்மா குணசுந்தரி,
ஆரணி