திறந்து பார்த்த ரெகுலேட்டர்

மார்ச் 3

அன்புள்ள பட்டறைக்காரருக்கு,

நலம். உங்கள் நலமும் உங்கள் முதுகுவலியின் நலமும் அறிய ஆவல். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று முகம் சுளிப்பீர்கள். போனில் நீங்கள் பேசாமல் இருந்தாலே எனக்கு அது கேள்வியாகக் கேட்கிறது. பிறகு சண்டை. காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

ஓர் உதவி வேண்டும். நான் கடலுக்குள் முக்குளிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். ஸ்கூபா. சிரிக்க வேண்டாம். குளியலறையில் தண்ணீர் தேங்கினாலே ஓரமாக நடப்பவள்தான், நாற்பத்தாறு வயதில் சான்றிதழும் கையுமாக நிற்கிறேன். இப்போது முதல்முதலாக, தண்ணீருக்குள் வாயில் கடித்துக்கொண்டு சிலிண்டர் காற்றை இழுக்க, சொந்தமாக ஒரு ரெகுலேட்டர் வாங்க வேண்டும். வீட்டுக்காரம்மாவிடம் சொன்னால், "ஃபேன் நல்லாத்தானே சுத்துது, எதுக்கும்மா மாத்தற?" என்கிறார். கடைக்குப் போனால் விற்கிறவர் வரிசையாக எடுத்துப் போடுகிறார், எல்லாமே உலகத்தில் சிறந்தது. கப்பல் பட்டறையில் முக்குளிப்பவர்கள் கடித்துத் துப்பிய ரெகுலேட்டர்களைக் கழற்றி மாட்டியே தலை நரைத்தவர் நீங்கள். உங்களைக் கேட்காமல் யாரைக் கேட்பேன்?

இன்னொன்று. தேர்வு முடிந்து விடுதியைக் காலி செய்யும்போது எந்த வீட்டுக்கு வருவது என்று மகள் கேட்கிறாள். நான் உங்களிடம் திரும்பி வருவேனா என்பது அவளுக்கும் தெரிய வேண்டும், உங்களுக்கும் தெரிய வேண்டும். எனக்கும்தான். முடிவைச் சீக்கிரம் சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்த ரெகுலேட்டர்.

இப்படிக்கு,
உங்கள் பிடிவாதக்காரி

*

மார்ச் 11

பிடிவாதக்காரிக்கு,

கடிதம் கிடைத்தது. உறையின் ஓரம் பிரித்து மறுபடி ஒட்டியது போல இருந்தது. நீ ஒட்டியதுதானா?

ரெகுலேட்டர் விஷயம். கடைக்காரன் சொல்வதில் பாதியைத் தள்ளு, மீதியைச் சந்தேகப்படு. விலை உயர்ந்ததெல்லாம் ரொம்ப ஆழம் போகிறவர்களுக்கு. உனக்கு வேண்டியது இரண்டே விஷயம். சிலிண்டரில் காற்று குறைந்துகொண்டு வரும்போதும் இழுக்கிற மூச்சு கனக்கக் கூடாது. 'பேலன்ஸ்டு' வகை என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். அடுத்து, அதன் உதிரிப் பாகம் உன் ஊரில் கிடைக்க வேண்டும். பாகம் கிடைக்காத உயர்ந்த ரகத்தைவிடக் கிடைக்கிற நடுத்தரமே மேல். மணல் கலங்கும் கடல் என்றால் டயஃப்ரம் என்கிற ரப்பர் சவ்வு வைத்தது நல்லது, உள்ளே உப்பும் மணலும் போகாது.

மேற்கொண்டு சொல்ல எனக்குச் சில விவரங்கள் வேண்டும். எவ்வளவு ஆழம் போகிறாய்? தண்ணீர் குளிருமா? சிலிண்டரில் கிளாம்ப் போட்டு மாட்டுகிறார்களா, திருகுகிறார்களா? எத்தனை மணிக்குப் படகு கிளம்பும், எத்தனை மணிக்குத் திரும்பும்? படகில் யார் யார்? பயிற்சிக்கூடத்திலேயே வாடகைக்குத் தரும்போது சொந்தமாக வாங்கச் சொன்னது யார்? எல்லா ரெகுலேட்டரிலும் கூட்டாளிக்கென்று மஞ்சள் குழாயில் இன்னொரு வாய் இருக்கும். அவருக்குக் காற்று தீர்ந்துபோனால் உன் சிலிண்டரிலிருந்து அவர் மூச்சு வாங்குவார். அந்தக் குழாயின் நீளத்தை ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். உன் மஞ்சள் குழாய் யாருக்கு? உயரமானவரா?

தொழில்முறையில்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
பட்டறைக்காரன்

*

மார்ச் 19

அன்புள்ள பட்டறைக்காரருக்கு,

உறையை ஒட்டியது நான்தான். எழுதி முடித்த பிறகு ஒரு வரியை அடிக்க வேண்டியிருந்தது. என்ன வரி என்று கேட்காதீர்கள்.

பதினெட்டு மீட்டருக்குக் கீழே போக என் சான்றிதழ் விடாது. தண்ணீர் வெதுவெதுப்பு. கிளாம்ப். காலையில் கிளம்பினால் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பேன். சொந்தமாக வாங்கு என்று யாரும் சொல்லவில்லை. நான் பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள். வாடகை ரெகுலேட்டரின் ரப்பரைப் பார்த்தால் எனக்குக் கடலா தெரிகிறது? கடைவாய்ப் பல் இல்லாதவர் ஒருவர், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர் ஒருவர் என்று ஊரே அதில் பதிந்து கிடக்கிறது. குமட்டுகிறது.

மஞ்சள் குழாய் ஓட்டுநர் அக்காவுக்கு. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். என்னைவிடக் குட்டை. மனசு ஆறியதா?

இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. தண்ணீரில் குதிக்கும் முன் அக்கா என் சிலிண்டர் வால்வைத் திறந்து பார்ப்பார். என் மஞ்சள் வாயை எடுத்துத் தானே ஒருமுறை மூச்சிழுத்துப் பார்ப்பார். "உன்ன நம்பலன்னு இல்லடி, உசுரு என்னோடதாச்சே" என்பார். நானும் அவருடையதைப் பார்ப்பேன். யாருக்கும் கோபம் வருவதில்லை, எல்லாம் முகத்துக்கு நேரே நடக்கிறது. நம் வீட்டில் நான் குளிக்கப் போனால் வெளியே என் கைப்பை திறக்கும் சத்தம் கேட்கும். வேலை முடிந்து ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தால் எதிர்ப் பக்கம் நீங்கள் நிற்பீர்கள், "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று. அதனால்தான் பெட்டியைக் கட்டினேன். வேறு யாருக்காகவும் இல்லை.

இத்தனை கேட்டீர்களே, தண்ணீருக்குள் உனக்குப் பயமாக இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? பயமாக இருக்கிறது. அதனால்தான் உங்களிடம் வந்தேன். நீங்களே ஒன்றை வாங்கி அனுப்புங்கள். எதுவானாலும் சரி. கேள்விகள் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பிடிவாதக்காரி

*

ஏப்ரல் 8

என் பிடிவாதக்காரிக்கு,

பார்சல் தனியாக வருகிறது. டயஃப்ரம் வைத்தது, பேலன்ஸ்டு, நடுத்தர விலை. பெட்டியோடு அப்படியே அனுப்ப மனம் வரவில்லை. முழுவதும் பிரித்து, ஒவ்வொரு ரப்பர் வளையத்தையும் வெளிச்சத்தில் காட்டிப் பார்த்து, மறுபடி பூட்டினேன். "புது சாமான யாராவது பிரிப்பாங்களாய்யா?" என்று ஃபோர்மேன் கேட்டார். "என் பொண்டாட்டிக்கு" என்றேன்.

நீ மாடி ஏறினாலே அவசரமாக மூச்சு வாங்குகிறவள். லேசாக இழுத்தாலே காற்று வரும்படி வைத்திருக்கிறேன். கடிக்கிற ரப்பர் சின்ன அளவு, தாடை வலிக்காது. பயப்படாதே. காற்று வருவதற்கு நான் பொறுப்பு.

கேள்வி எதுவும் கேட்கவில்லை, கவனித்தாயா? ஓர் எச்சரிக்கை மட்டும். அந்த ஓட்டுநர் அக்கா முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்டவர். படகு ஏணியில் ஏறும்போது தடுமாறினால் பாரம் முழுவதும் உன் மேல்தான் விழும். அவருக்கு நேர் கீழே நிற்காதே.

மகளின் அறையைச் சுத்தம் செய்துவிட்டேன். உன் அலமாரியையும் துடைத்தேன். வெளிப்பக்கம் மட்டும்.

இப்படிக்கு,
உன் பட்டறைக்காரன்

*

ஏப்ரல் 24

அன்புள்ளவருக்கு,

பார்சல் வந்தது. கைக்கு அடக்கமாக, அழகாக இருக்கிறது. நன்றி.

அக்காவின் மூட்டைப் பற்றி நான் உங்களுக்கு எழுதவே இல்லை. பயிற்சிக்கூடத்தில் விசாரித்தேன். கருவிக் கம்பெனியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவர் போன் செய்தாராம். என்னோடு இறங்குவது யார், ஆணா பெண்ணா, என்ன வயது, உடம்பு எப்படி என்றெல்லாம் கேட்டாராம். "ரொம்பத் தன்மையாப் பேசினாருங்க" என்றாள் வரவேற்பில் இருக்கும் பெண். நீங்கள் தன்மையாகத்தான் பேசுவீர்கள். எனக்குத் தெரியாதா?

அன்று மாலை நீச்சல் குளத்தில் இறங்கினேன். நெஞ்சளவு தண்ணீர்தான். உங்கள் ரெகுலேட்டரை வாயில் வைத்தேன். மூச்சு இழுக்க முடியவில்லை. காற்றில் குறையில்லை, எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. பொய் சொல்லி விசாரித்த மனிதர் இதற்குள் என்ன செய்து வைத்திருக்கிறாரோ என்று ஒரு நினைப்பு. நீங்கள் எனக்குத் தீங்கு செய்வீர்கள் என்று நான் என்றைக்கும் நினைத்ததில்லை, இப்போதும் நினைக்கவில்லை. இருந்தும் அந்த நினைப்பு வந்தது. வெட்கமாக இருந்தது. கரையேறிவிட்டேன்.

மறுநாள் இங்கே இருக்கும் சர்வீஸ்காரரிடம் கொடுத்துப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். கடைசித் திருகு வரைக்கும் பார்த்தார். "இத பூட்டுனது யாருங்க? ஒரு குறை சொல்ல முடியாது. எனக்கே கத்துக்கலாம்னு இருக்கு" என்றார். அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன். பிறகு குளத்துக்குப் போனேன். நீங்கள் எழுதியபடியே, லேசாக இழுத்தாலே காற்று வந்தது.

வேறொருவர் திறந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் உங்கள் கை பட்டதை என்னால் வாயில் வைக்க முடிந்தது. இப்படி இருக்கும்போது அங்கே வந்து, நீங்கள் ஆற்றித் தரும் காபியை எப்படிக் குடிப்பேன்? நீங்கள் என் பையைத் திறப்பீர்கள், நான் உங்கள் போனைத் திறப்பேன். ஒரு வீட்டுக்கு ஒரு சந்தேகப் பிராணி போதும்.

நான் வரவில்லை. மகளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். அவளுக்கு இரண்டு வீடும் வீடுதான். உங்கள் மேல் கோபம் இல்லை, வருத்தம்தான் நிறைய. ரெகுலேட்டரை நானே வைத்துக்கொள்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
பிடிவாதக்காரி

*

மே 6

பிடிவாதக்காரிக்கு,

கடிதத்தைப் பலமுறை படித்தேன். போன் செய்தது நான்தான். அதை நீயே கண்டுபிடித்துவிட்டாய், இனி நான் விளக்கி என்ன ஆகப்போகிறது.

உன் முடிவு சரி. அப்படி எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதிவிட்டேன். மகள் இங்கே கொஞ்ச நாள், அங்கே கொஞ்ச நாள் இருக்கட்டும். நீ இல்லாத வீட்டில் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. உன்னை வரவழைப்பதற்காக இதை எழுதவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

ஒரே ஒரு விஷயம். வேறொருவர் பிரித்துப் பூட்டியதை அப்படியே மாட்டிக்கொண்டு கடலில் இறங்காதே. குளம் வேறு, கடல் வேறு. பிரிக்கத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் பூட்டத் தெரியாது. எனக்கு அனுப்பு. சோதித்து, கிடைத்த மறுநாளே திருப்பி அனுப்பிவிடுகிறேன். உன்னை ஒன்றும் கேட்க மாட்டேன். இனி எப்போதுமே கேட்க மாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
பட்டறைக்காரன்

பி.கு.: அந்தச் சர்வீஸ்காரர் முன்னால் அழுததாக எழுதியிருந்தாய். அவருக்கு என்ன வயது இருக்கும்?