பள்ளிக்கூடத்தை மட்டும் ஒத்துக்கொள்ளும் நோய்

என்னை ஒரு நாளும் அடிக்காத அப்பாவுக்கும், அப்பா சொன்ன எதையும் என் முன்னால் மறுத்துப் பேசாத அம்மாவுக்கும்,

நான் நலம். வழக்கத்துக்காக இப்படி எழுதவில்லை. போன மாதம் அலோர் ஸ்டாரில் ஓர் இதய மருத்துவர் பரிசோதித்துவிட்டுச் சொன்னார்: என் இதயத்தில் கோளாறு எதுவும் இல்லையாம்.

அம்மா போய் ஒன்றரை வருடம். அப்பா, நீங்கள் போய் எட்டு மாதம். கேட்க நீங்கள் இல்லாத நேரத்தில்தானா எனக்கு இந்தக் கேள்வி வர வேண்டும்? பதினாறு வயதிலிருந்து நான் ஓடியதில்லை. நூலகத்தின் மாடிப்படியில், பாதியில் நின்று மூச்சு வாங்கித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். அந்த மூச்சிரைப்பு எங்கிருந்து வந்தது?

உங்கள் இருவரின் வேலைமுறை எனக்குத் தெரியும். பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அப்பா டிரெசர். ஊசி, மருந்து, பிரசவம் எல்லாம் அவர் கையில். அம்மா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மத்தியானம் ரசம் ஊற்றும்போது அம்மா ஒரு பெயர் சொல்வார்: "சரோஜா நாலு நாளா வரல. மரஞ்சீவப் பால்காட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க போல." மறுநாள் அப்பா சரோஜாவுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதியிருப்பார்: வெயில் ஆகாது, பனி ஆகாது, நிழலில் உட்கார்ந்திருக்கலாம்.

சரோஜாவின் அப்பா சீட்டோடு நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"என்னா டிரெசரய்யா, காட்டுக்குப் போனா வருது, ஸ்கூலுக்குப் போனா போயிடுது! இது என்னா சீக்கு?"

"அப்படியும் ஒரு சீக்கு இருக்குப்பா."

"எங்க தாத்தா காலத்துல இல்லியே!"

"இப்பதான் வந்திருக்கு" என்றீர்கள், சிரிக்காமல். அம்மா உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அப்பா, உங்கள் அடக்கத்தன்று அதே சரோஜா தாதி உடுப்போடு லூனாஸ் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கல்லறைக்கு வந்து அழுதார். அதனால் உங்கள் பொய்களைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் எனக்கும் ஒரு சீட்டு எழுதினீர்களா?

அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? கோயில் முடிந்து வந்தால், புக்கிட் செலம்பாவிலிருந்து அத்தை வந்து உட்கார்ந்திருந்தார், தன் மகனுக்கு என்னைக் கேட்டு.

"பதினாறு முடிஞ்சிருச்சு. இன்னும் என்னா படிப்பு? அவன் சொந்தமா மோட்டார் சைக்கிள் வச்சிருக்கான்லா!"

அம்மா மெதுவாக, "அண்ணி, இவளுக்குக் கொஞ்ச நாளா மூச்சு வாங்குது" என்றார். அப்பா, நீங்கள் குழாயைக் காதில் மாட்டி என் நெஞ்சில் வைத்தீர்கள். வெகுநேரம் கேட்டீர்கள். "சத்தம் சரியில்லக்கா."

"தம்பி, உன் காதுல அழுக்கு இருக்கும். நல்லாக் கேளு!"

நீங்கள் மறுபடியும் கேட்டீர்கள். அதே பதில். அத்தை காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

கைவிரல் வெட்டுப்பட்டவரைக்கூடத் தோட்டத்து லாரியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் நீங்கள், சொந்த மகளை ஏன் ஒரு தடவையும் அனுப்பவில்லை? பொய்தான் என்று இதை வைத்து முடிவு கட்டுவேன். உடனே இன்னொன்று நினைவுக்கு வரும். அத்தை மகனுக்குக் கல்யாணம் ஆன பிறகும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை என் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டீர்களே, அது யாருக்காக? சில பிள்ளைகளுக்கு அப்படிச் சத்தம் கேட்டு, வளர வளரத் தானாக மறைந்துவிடும் என்று நூலகத்துப் புத்தகம் ஒன்றில் இருக்கிறது. அப்படியும் இருக்குமோ? அல்லது அம்மாவையும் சேர்த்து ஏமாற்றினீர்களா?

அம்மா, கடைசி வாரத்தில் நீங்கள் என் கையைப் பிடித்து, "உன்கிட்ட ஒன்னு சொல்லணும்டி" என்றீர்கள். அப்பா குறுக்கே வந்து, "அப்புறம் சொல்லலாம், தூங்கு" என்றார். நகையைப் பற்றி ஏதோ என்று நினைத்துவிட்டேன். நானாவது கேட்டிருக்க வேண்டாமா?

இப்போது ஏன் குடைகிறேன் என்றால், தேவா என்று ஒருவர் இருக்கிறார். லூனாஸில் ஆசிரியர். கல்யாணத்துக்கு இரண்டு முறை கேட்டார். நெஞ்சைக் காரணம் காட்டி இரண்டு முறையும் மறுத்தேன். "சரி, டாக்டரையே கேட்டுருவோம்லா" என்று அலோர் ஸ்டாருக்கு அழைத்துப் போனவர் அவர்தான். மருத்துவர் "ஒன்றுமில்லை" என்றதும் நான் சந்தோஷப்படவில்லை. டாக்டரிடம் இவர் முன்கூட்டியே பேசி வைத்திருப்பாரோ என்றுதான் தோன்றியது. உங்கள் மகளுக்கு வேறு என்ன தோன்றும்? யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறிப் பினாங்கில் வேறொருவரிடம் காட்டினேன். அங்கேயும் அதேதான்.

பிறகு அத்தையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டே கேட்டார்.

"இது எனக்கு அன்னிக்கே தெரியும்டி. தம்பி பொய் சொன்னா என் மூஞ்சியப் பாக்க மாட்டான்."

"தெரிஞ்சும் ஏன் சும்மா போனீங்க?"

"உங்கப்பன் அக்காகிட்டயே பொய் சொல்ற அளவுக்கு உன்னப் படிக்க வைக்கணும்னு நிக்கிறான். அப்புறம் நான் என்னாத்தப் பேசுறது?"

அத்தை சொன்னது நிஜமா, அல்லது அன்று பட்ட அவமானத்துக்கு இன்று போட்டுக்கொண்ட மருந்தா? அதையும் பஸ்ஸில் வரும்போது சந்தேகப்பட்டேன். சந்தேகப்பட்டுக்கொண்டே, தேவா மறுபடியும் கேட்பாரா என்றும் பயந்தேன். அவர் கேட்கவில்லை. நேற்று நான்தான் கல்யாணத்துக்குக் கேட்டேன். "சரி. பினாங்குக்குத் தனியாப் போனது எனக்குத் தெரியும்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கேட்கவில்லை.

அப்பா, அம்மா, உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நீங்கள் செய்தது என்னவென்று இனி யாரிடமும் விசாரிக்க மாட்டேன். என் நெஞ்சில் குழாய் வைக்கச் சொல்லி மூன்றாவது டாக்டரிடமும் போக மாட்டேன்.

இன்னும் படியில் பாதியில் நின்றுவிடுகிற,
உங்கள் ஒரே மகள்
எஸ்தர்