அகா என்றால் சிவப்பு

அக்கா,

இன்று காலை பேத்திக்குப் புதுக் கராத்தே உடுப்பு வந்தது. உறையைப் பிரித்ததும் கஞ்சி போட்ட துணியின் வாசனை வீட்டை நிறைத்தது. தேனி பஜாரில், அப்பாவின் இரும்புக் கடைக்கு எதிரே இருந்த தையல்காரர் நம் இருவருக்கும் ஒரே துணியில் வெட்டித் தைத்த உடுப்பிலும் இதே வாசனைதான். முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அப்பளம் நொறுங்குவது போலச் சத்தம் வந்தது. நீ சிரித்த சிரிப்பில் அன்று பாதி வகுப்பு நடக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. உனக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதினேழு. கம்பத்திலிருந்து பஸ்ஸில் வரும் மாஸ்டர் பள்ளிக்கூட ஹாலில் சாயங்காலம் சொல்லிக்கொடுத்தார். மெட்ராஸ் போட்டிக்கு நம் எடைப் பிரிவில் ஒரு பெண்ணைத்தான் அனுப்ப முடியும் என்றார். தேர்வில் கடைசியாக மிஞ்சியது நாம் இருவர்.

அதற்கு முந்தின நாள் அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"அவளுக்குத் தையில கல்யாணம். வர்ற ஞாயித்துக்கெழம பூசையில சாமியாரு கல்யாண ஓலை வாசிச்சிருவாக. போற எடத்துல இதெல்லாம் நடக்குமா? ஒரு தடவ அவ கெலிச்சுட்டுப் போகட்டும். நீ கொஞ்சம் விட்டுக்குடு ஆத்தா."

நான் சோற்றுப் பானையை இறக்கிவைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் ஹாலில் நல்ல கூட்டம். அம்மாவும் அப்பாவும்கூட வந்திருந்தார்கள். ஒரே உயரம், ஒரே வெள்ளை உடுப்பு, ஒரே மாதிரிச் சடை. பின்னாலிருந்து பார்த்தால் பெற்றவளுக்கே நம்மை அடையாளம் தெரியாது. ஆள் தெரிவதற்காக மாஸ்டர் என் இடுப்பில் சிவப்பு பெல்ட்டும் உன் இடுப்பில் வெள்ளை பெல்ட்டும் கட்டிவிட்டார். மதுரையிலிருந்து வந்திருந்த நடுவர் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். சிவப்பு 'அகா', வெள்ளை 'ஷிரோ'. எல்லாம் ஜப்பான் பாஷை. சுத்தமாக இறங்கிய அடிக்கு 'இப்போன்', அது முழுப் புள்ளி. கொஞ்சம் பிசகினால் 'வாசாரி', அரைப் புள்ளி. மூலைக்கு ஒருவராக நின்றவர்கள் கையில் சிவப்புக் கொடியும் வெள்ளைக் கொடியும் இருந்தன.

ஆரம்பித்த வேகத்தில் உன் குத்து என் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது. நான் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. "ஷிரோ, வாசாரி" என்றார் நடுவர். உன் முகத்தில் சந்தோஷமே இல்லை. கோட்டுக்குத் திரும்பும்போது என் பக்கம் சாய்ந்து, "அம்மா ஏதும் சொன்னாளாடி?" என்றாய். நான் பெல்ட்டை இறுக்குவதுபோலக் குனிந்துகொண்டேன்.

"எனக்குப் பிச்சை போடாத. ஒழுங்கா அடி" என்றாய்.

நடுவர் நம்மை முறைத்தார். அதற்குப் பிறகு ஹாலில் யார் இருந்தார்கள் என்பதுகூட எனக்கு ஞாபகமில்லை. உன் கண் மட்டும்தான் தெரிந்தது. என் கால் உன் விலாப்பக்கம் போனபோது எனக்கும் அரைப் புள்ளி கிடைத்தது. நேரம் முடிந்தது, சமம். கூடுதல் நேரம் கொடுத்தார்கள், அப்போதும் சமம். கடைசியில், யார் ஜெயித்தது என்று கொடி காட்டச் சொல்லி நடுவர் விசில் அடித்தார். மூன்று சிவப்புக் கொடிகள் எழுந்தன, ஒரு வெள்ளை.

"அகா" என்று நடுவர் கையை உயர்த்தினார்.

அம்மா துள்ளி எழுந்தாள். "அக்கா கெலிச்சுட்டா, எம் பெரியவ கெலிச்சுட்டா" என்று பக்கத்தில் இருந்த டீச்சரைக் கட்டிக்கொண்டாள். அப்பா சட்டைப்பையில் வைத்திருந்த ஆரஞ்சு மிட்டாயை எடுத்து வரிசையாகக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். அம்மா ஓடிவந்து, தன் தலையிலிருந்த கனகாம்பரத்தை எடுத்து உன் சடையில் சொருகினாள்.

"அம்மா, அகான்னா செவப்பு. செவப்பு அவதான்" என்றாய்.

"பெறகு எதுக்கு அந்தாளு அக்கான்னு கூப்பிட்டாரு?"

நீ சிரித்துச் சிரித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாய். விஷயம் தெரிந்த நடுவர், மதுரைக்காரர்தானே, கையால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு நீ எழுந்து என் கையைப் பிடித்து உயரத் தூக்கினாய். தோற்றவள் முகமா அது?

என்னைத் தனியாக மெட்ராஸுக்கு அனுப்ப அப்பா சம்மதிக்கவில்லை. துணைக்கு நீ வந்தாய். முதல் சுற்றிலேயே தோற்றேன். திரும்பி வரும் ரயிலில் என் பங்குப் புளியோதரையையும் தின்றுகொண்டே, நான் எங்கெங்கே கோட்டைவிட்டேன் என்று திருச்சி வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தாய்.

நீ கல்யாணமாகிச் சின்னமனூர் போனாலும், அப்பாவுக்குப் பிறகு கடையை நாம் இருவரும்தான் நடத்தினோம். எதை எங்கே அடுக்குவது என்பதில் தொடங்கி எல்லாவற்றுக்கும் சண்டை. வாடிக்கைக்காரர்கள் வெளியில் நின்று, முடிந்ததும் உள்ளே வருவார்கள். ஒருநாளாவது எனக்காக நீ விட்டுக்கொடுத்ததில்லை. அதில் எனக்கு இருந்த பெருமையை உன்னிடம் சொன்னதும் இல்லை.

நீ கண்ணை மூடிய பிறகு, நான் எது சொன்னாலும் எல்லாரும் தலையாட்டினார்கள். வயதானவளிடம் எதற்கு வம்பு என்ற நினைப்புதான். போன வாரம் கடையில் மருமகள், "அத்தை, நீங்க சொல்றது தப்பு" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். மகன் முகம் வெளுத்துவிட்டது. நான் நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன்.

"எது தப்புன்னு சொல்லு. நான் லேசுல ஒத்துக்கிட மாட்டேன்" என்றேன்.

மத்தியானச் சாப்பாடு வரைக்கும் விடாமல் பேசினாள், அக்கா. கடைசியில் அவள்தான் ஜெயித்தாள்.