ஓட்டை விழாத தாள்

மச்சான்,

துவக்குக்குப் போடும் எண்ணெயின் வாசம் இன்னும் என் கைகளில் இருக்கிறது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. இன்று காலை உன்னுடைய ரைபிளைக் கடைசியாகத் துடைத்தேன்.

உன் மனைவி சென்ற மாதமே அழைத்துச் சொல்லிவிட்டாள். “அண்ணை, அவர் இல்லாத வீட்டில அது கிடக்க எனக்கு நித்திரை வருகுதில்லை. எடுத்துக்கொண்டு போங்கோ.” உன்னோடு சேர்ந்து நானும் துவக்கு லைசென்ஸ் எடுத்திருந்தபடியால் வில்லரேயில் உள்ள என் வீட்டுக்குக் கொண்டுவர முடிந்தது. கொண்டுவந்த பிறகுதான் கஷ்டம் தொடங்கியது. நீ கேட்டதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

துவக்கு வாங்கும் ஆசை உனக்கு டோர்வலில், வேலையிடத்தில்தான் பிடித்தது. விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலை நம் இருவருக்கும். இலையுதிர் காலத்தில் வடக்கே மூஸ் மான் வேட்டைக்குப் போகிறவர்களின், பூட்டுப் போட்ட நீண்ட துவக்குப் பெட்டிகள் வரும். அவற்றில் ஒன்றை முதன்முதலாகத் தூக்கியபோது உன் முகம் வெளிறிப்போனது. எனக்குக் காரணம் தெரியும். ஊரில் துவக்குத் தேடி வந்தவர்கள் உன் அண்ணையைச் சுட்டபோது அதே முற்றத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நானும் நின்றேன். துவக்கு என்றால் நமக்கு அதன் குழாய் வாய்தான். பின்பக்கம் எப்படியிருக்கும் என்று நாம் பார்த்ததேயில்லை.

“ஒருக்கா எண்டாலும் மற்றப் பக்கத்தில நிண்டு பாக்கவேணும் மச்சான். அப்பதான் இந்தப் பயம் போகும்,” என்றாய்.

வகுப்புக்குப் போனோம், பரீட்சை எழுதினோம். லைசென்ஸ் தருவதற்கு முன் ஓர் அதிகாரி உன் மனைவியை அழைத்து, கணவர் துவக்கு வாங்குவதில் உங்களுக்குப் பயம் உண்டா என்று கேட்டார். “எனக்கில்லை, அவருக்குத்தான் பயம்,” என்றாள் அவள். அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை நாள் உன்னைக் கிண்டலடித்தேன்! கடைக்காரரோ, முதன்முதலாக வாங்குகிறவருக்குச் சின்னது போதும் என்று அன்பாகத்தான் சொன்னார். நீ கேட்கவில்லை. கரடியையும் விழுத்தக்கூடியதாக, கடையிலேயே பெரிய தோட்டா போகும் ரைபிளைத்தான் எடுத்தாய். “சின்னதுக்கெல்லாம் என்ர பயம் போகாது,” என்று என் காதுக்குள் சொன்னாய்.

சுடுதளத்தில் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நீ தோளில் அணைத்துப் பிடித்துச் சுட்டாய். காதுமூடியையும் தாண்டி அந்தச் சத்தம் நெஞ்சில் இடித்தது. அடுத்த கணம் நாம் இருவரும் குப்புறப் படுத்திருந்தோம். யாரும் சொல்லவில்லை, யாரும் யோசிக்கவில்லை. பதுங்கு குழிக்குள் படுத்த அதே மாதிரி, முழங்கையை ஊன்றி, வாயைத் திறந்தபடி, பக்கத்தில் பக்கத்தில். சுட்டது நீதான். படுத்ததும் நீதான். உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயிற்சியாளர் ஓடிவந்து, “சா வா, மெஸ்யூ? சா வா?” என்று பிரெஞ்சில் சுகம் கேட்டுப் பதறினார்.

“நான் சுட்டதுக்கு நானே படுத்திட்டன் மச்சான்,” என்று நிலத்தில் கிடந்தபடியே சிரித்தாய். பிறகு அழுதாய். என் முறை வந்தபோது நான் வேண்டாம் என்றேன். இலக்குத் தாளை எடுத்துப் பார்த்தால் அதில் ஒரு கீறல்கூட இல்லை. அதை நீ பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டாய்.

அதன்பின் நீ சுடவேயில்லை. வேட்டைக்கும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து, ரைபிளை வெளியே எடுத்துத் துடைப்பாய், பூட்டுவாய். தோட்டாக்கள் வேறு பெட்டியில், வேறு பூட்டில். “வித்துத் துலையேன்,” என்று நான் கேட்டால் துடைத்த துணியை உதறி மடிப்பாய். காரணத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் சொன்னாய்.

“வித்தால் இன்னொருத்தன்ர கையில போயிடும். பொலிசிட்டக் குடுத்து அழிக்கச் சொல்லு. ஒரு துவக்காவது ஆரையும் சுடாமல் முடியட்டும்.”

ஓம் என்றேன். ஆனால் நீ போன பிறகு, நீ துடைத்துத் துடைத்தே மினுங்கிய அந்த மரக்கட்டையைத் தடவும்போதெல்லாம், இது என்னிடமே இருக்கட்டும் என்று தோன்றியது. உன்னுடையது என்று எனக்கு மிஞ்சியது அதுதான். இருந்தாலும் நேற்று பொலிசை அழைத்தேன்.

இன்று கதவு மணி அடித்ததும் நான் செய்த வேலையைக் கேள். ஊரில் சோதனைக்கு நின்ற மாதிரியே, அடையாள அட்டையை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு கதவடியில் நின்றேன். சீருடையில் ஓர் இளம் பெண். “பொன்ஜூர்” சொல்லிவிட்டு, தன் சப்பாத்தில் ஒட்டியிருந்த பனியைப் பார்த்தாள். “கழற்றிவிட்டு வரவா?” என்று கேட்டாள். நம் வீடுகளில் துவக்குத் தேடி வந்தவர்களில் ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்லை. ஓம் என்று தலையை ஆட்டினேன்.

ரைபிளைத் திறந்து பார்த்தாள். “நல்லது, புதிது போலவே இருக்கிறதே. எங்களிடம் தந்தால் அழித்துவிடுவோம். வைத்துக்கொள்ள விருப்பமில்லையா?” என்றாள். விருப்பம்தான் மச்சான். வாய்வரை வந்தது. “அழித்துவிடுங்கள்,” என்றேன்.

பெட்டியோடு அவள் படியிறங்கிப் போனதும் வீடு ஒருமாதிரி வெறுமையாகிவிட்டது. உன் மனைவி அந்தப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துத் தந்த இலக்குத் தாளை ஜன்னலுக்கு நேரே விரித்துப் பிடித்தேன். வெளியே பனியில் பட்ட வெயில் கண்ணைக் கூசவைத்தது. தாளில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட ஊடுருவவில்லை.

நீ கேட்டபடியே முடிந்துவிட்டது. தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்திருக்கிறேன். இனி எங்காவது வெடிச் சத்தம் கேட்டால் நான் படுக்கத்தான் போகிறேன். பக்கத்தில்தான் ஆளில்லை.