சீனு விழுந்த குழி

14 ஜூலை 1985, ஞாயிறு

இன்று நிகில் வீட்டில் மறுபடியும் அந்த அமெரிக்க விளையாட்டு. பகடை உருட்டி, ஆளுக்கொரு வீரனாகக் கற்பனைக் கதைக்குள் போக வேண்டும். என் வீரனின் தாய்மொழி தமிழ் என்று தாளில் எழுதினேன். சிரித்தார்கள். "அப்படியென்றால் தமிழ் தெரியாதவனுக்கு நீ பேசுவது விளங்காது" என்று கதையை நடத்தும் நிகில் இந்தியில் சொல்லிவிட்டான்.

கதையில் வரும் சுரங்கத்தில் குழி இருப்பதை என் காதில் மட்டும் சொன்னான். நான் உடனே, "நில்லுங்கல, குழி கெடக்கு!" என்று கத்தினேன். சீனு என் முகத்தைப் பார்த்தான். மாட்டுங்காவில் பத்து வருஷம் என்னோடு தமிழ் படித்தவன். கல்லூரியில் சன்னி என்று பெயர் சொல்லிக்கொண்டு தமிழை மறைப்பவன். நிற்காமல் பகடையை உருட்டினான். அவன் வீரன் குழியில் விழுந்து செத்தான்.

பஸ் ஸ்டாப்பில் சீனுவிடம் கேட்டேன். "எல, நான் சொன்னது ஒனக்கு வெளங்கலையா?"

"புரிஞ்சுதுடா. நான் நின்னா எல்லாருக்கும் தெரிஞ்சு போயிடுமே."

அவனைத் திட்ட வாய் வரவில்லை. போன வாரம் தாதர் ஸ்டேஷனில் நிகிலோடு நின்றபோது, காய்கறிப் பையோடு வந்த அம்மா, "எல, இங்கன வா" என்று என்னைக் கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை. தாராவியில் எங்கள் வீடு வரை பையை அவளே சுமந்து வந்தாள். இதுவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.