ஏழாம் மாடித் தாழ்வாரம்

மே 28, 1967. ஞாயிறு

காலையில் மழை. பார்வதியோடு தோ பாயோ போய்ப் புது வாடகை வீட்டைப் பார்த்தேன். ஏழாம் மாடி. சொந்தக் குழாய், சொந்தக் கக்கூஸ். பார்வதி குழாயைத் திறந்து திறந்து மூடினாள். எனக்குத்தான் பயம். அவளுக்கு எட்டாம் மாதம். எனக்கு தஞ்சோங் பகார் துறைமுகத்தில் இரவு ஷிஃப்ட். வலி எடுத்தால் யாரைக் கூப்பிடுவாள்?

ஜூன் 3, சனி

சிராங்கூன் ரோட்டை விட மனசில்லை. கீழே கடை, மேலே குடித்தனம், கடைகளுக்கு முன்னால் அஞ்சடி நடைபாதை. கொட்டுகிற மழையிலும் நனையாமல் தெருக்கோடி வரை போகலாம். விடிந்தால் பூக்காரர், பகலில் சீனத் தச்சர், இரவில் ராவுத்தர் டீக்கடை. எந்நேரமும் யாராவது விழித்திருப்பார்கள். எந்தப் புண்ணியவான் போட்ட திட்டமோ! இங்கே பார்வதி தும்மினால் நாலு பேருக்குக் கேட்கும்.

நிறைமாதத்தில் வீடு மாறக்கூடாதாம், அக்கா சொல்கிறாள். சாவி வாங்கியாயிற்று.

ஜூன் 11, ஞாயிறு

புது வீட்டில் பால் காய்ச்சினோம். வாசற்கதவு திறந்திருந்தது. பால் நுரைத்து ஏறும் நேரம், தாழ்வாரத்தில் போன பக்கத்து வீட்டுச் சீன அம்மா பார்த்துவிட்டு, பதறி ஓடி வந்து அடுப்பை அணைத்துவிட்டார். பொங்கவே இல்லை. அக்கா முகம் போன போக்கு! பார்வதிக்குக் கண் நிறைந்துவிட்டது.

பொங்கினால்தான் நல்லது என்று என் அரைகுறை மலாயில் சொன்னேன். அந்த அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு தானே அடுப்பைப் பற்றவைத்தார். கடைசி வீட்டு டாக்சிக்காரரின் மனைவி, மலாய்க்கார அம்மா, அவரும் வந்து நின்றார். எல்லாருமாகப் பொங்கவிட்டோம்.

பிறகு பார்வதி சொன்னாள்: "விடுங்க. நம்ம அடுப்பப் பாக்க ஒரு ஆளு இருக்குல்ல."

ஜூன் 18, ஞாயிறு

உப்பு, வாளி வாங்கியாயிற்று. துணி காயப்போடக் கொடிக்கம்பு வாங்க மறந்துவிட்டேன்.

மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்பதில்லை, எரிச்சல். ஆனால் யார் எங்கே போனாலும் தாழ்வாரத்தில் நாலு வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அஞ்சடியை அப்படியே ஏழாம் மாடிக்குத் தூக்கி வைத்துவிட்டார்கள், கெட்டிக்காரர்கள். வாசலில் வெங்காயம் உரிக்கிறார்கள், மூன்று பாஷையில் பேச்சு. பயம் மட்டும் போகவில்லை.

ஜூலை 20, வியாழன்

ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்தேன். கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே பார்வதி இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அடுக்களையிலிருந்து மலாய்க்கார அம்மா வந்தார். நடுராத்திரியில் வலியாம். சீன அம்மா எல்லாக் கதவையும் தட்டினாராம். இவர் வீட்டு டாக்சியில் ஆஸ்பத்திரி, சீன அம்மாவும் கூடப் போனாராம். டாக்சிக்காரர் சேதியோடு திரும்பியும் வந்துவிட்டார்.

"அனாக் பெரம்புவான்," என்றார் அந்த அம்மா. பெண் குழந்தை. முதலில் தூக்கியது சீன அம்மாவாம்.

நான் இன்னும் பார்க்கவில்லை. டாக்சி கீழே நிற்கிறது.