புதன்கிழமைத் தொடரும் மாப்பிள்ளை விசாரிப்பும்

ஃபாரஸ்ட் கேட், லண்டன்
14.11.1991

அன்புத் தங்கை தவமலருக்கு,

நீயும் உன் புருஷனும் மகள் சுகிர்தாவும் வெள்ளவத்தையில் நோய்நொடியின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பக்கத்துத் தெரு மேரிறோஸ் நாளைக் காலை கொழும்புக்குப் பறக்கிறாள். இன்று நாலு மணிக்கு வந்து இந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்வாள். தபாலில் போட்டால், மகள் கலியாணத்துக்கு இங்கே வந்திறங்கிய பிறகுதான் உனக்குக் கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ரெலிபோனில் மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டாய். நல்ல பெடியன், யோசிக்காமல் அனுப்பு என்றேன். அப்போது மாப்பிள்ளை ஆனந்தராஜாவே மாடிப்படியில் நின்றான். அவன் நின்றதால்தான் அப்படிச் சொன்னேன் என்று எழுதினால் அதுவும் முழு உண்மையாகாது. எனக்குச் சொல்லத் துணிவு வரவில்லை.

நீ விசாரிக்கச் சொன்னவற்றில் குறை ஒன்றும் இல்லை. குடிப்பதில்லை. பெற்றோல் நிலையத்தில் ஒரு ஷிப்டுக்கும் பிந்திப் போனதில்லை. என் மேலறையில் இரண்டு வருடமாக இருக்கிறான், கதவைக்கூட அடித்துச் சாத்தமாட்டான். கலியாணம் பேசிய நாளிலிருந்து அக்கா என்பதை விட்டு என்னை மாமி என்று கூப்பிடப் பழகினான்.

புதன் மாலைகளில் நாங்கள் இருவரும் ஒரு விண்வெளித் தொடர் பார்ப்போம். சிரிக்காதே. கப்பல் அட்டைப் பெட்டிக்கு வெள்ளிப் பூச்சு அடித்தது போலத்தான் இருக்கும். ஆனால் அதில் ஒரு மாலுமி வருகிறான். தன் கப்பலில் ஒளித்து வைத்திருக்கும் அகதிகளில் ஒருவர் இருவரை அவ்வப்போது அரசிடம் காட்டிக்கொடுப்பான். அதனால் மற்றவர்கள் தப்புவார்கள். அவன் நல்லவனா கெட்டவனா என்பதில் எங்களுக்குள் ஓயாத வழக்கு. நான் மாலுமியின் பக்கம், அவனுக்கு வக்கீல். "பேராதனை யூனிவசிற்றியில படிச்ச ஆக்கள் கள்ளனுக்கும் அப்புக்காத்து வேலை பாப்பினம்" என்று ஆனந்தராஜா பகிடி பண்ணுவான். உனக்குத் தேவாரம்தான் சரி, போய்ப் பாடு என்று நானும் விடமாட்டேன்.

போன கிழமை மாலுமி ஒரு சிறுமியின் தகப்பனை விரலால் காட்டினான். ஒருவனைக் கொடுத்து நாற்பது பேரைக் காப்பாற்றினான், அதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு மனம் வராது என்றேன். ஆனந்தராஜா எழும்பித் தொலைக்காட்சியை நிற்பாட்டினான். "உண்மையா அப்பிடி நினைக்கிறியளோ, அக்கா?" என்றான். மாமி அல்ல, அக்கா. நான் ஓம் என்றேன். அந்த ஓமை நம்பித்தான் அவன் வாய் திறந்தான்.

ஊரில் ஒரு சுற்றிவளைப்பில் அவனைப் பிடித்து மூன்று நாள் இராணுவ முகாமில் வைத்திருந்தார்கள். நாலாம் நாள் முகத்துக்குச் சாக்கு மூடி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டி, ஜீப்பில் இருத்தினார்கள். ஆட்கள் வரிசையாக வந்தார்கள். தவமலர், அவன் தலையாட்டியாக இருந்திருக்கிறான். நாலு தரம் ஆட்டி, நாலு பேரைக் காட்டிக்கொடுத்தானாம். இரண்டு பேர் இயக்கப் போராளிகள் என்று தெரியுமாம். மூன்றாவது ஆளில் சந்தேகமாம். "நாலாவது ஆளை எனக்குத் தெரியாது, அக்கா. பிடரியில அடிச்சாங்கள். ஆட்டிப்போட்டன்."

எழும்பிக் குசினிக்குப் போய், கழுவிய கோப்பைகளைத் திரும்பக் கழுவினேன். மாலுமிக்காக மாதக்கணக்காக வாதாடியவள் நான். மாலுமிக்கு அடுத்த புதன் உண்டு, ஏதாவது நல்லது செய்து ஈடுகட்டுவான். அந்த நாலாவது ஆளுக்கு அடுத்த புதன் இல்லை.

ஒரு கிழமையாக இருவரும் ஒரு குசினியில் முகம் பாராமல் தேத்தண்ணீர் ஊற்றுகிறோம். நேற்றுத் தொடர் பார்க்கவில்லை. சுகிர்தாவுக்குத் தெரியுமா என்று நேற்றுத்தான் கேட்டேன். இல்லை என்றான். அப்படியானால் நான் எழுதுவேன் என்றேன். கெஞ்சுவான் என்று நினைத்தேன். "எழுதுங்கோ. நாலு எண்டே எழுதுங்கோ, குறைக்க வேண்டாம்" என்றான். அது நேர்மையா, என்னை மடக்கத் தெரிந்த கெட்டித்தனமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கலியாணத்தை நிறுத்து என்று நான் எழுதவில்லை. நடத்து என்றும் எழுதவில்லை. இதை உன் புருஷனிடம் காட்டாதே. சுகிர்தாவிடம் கொடு. இருபத்தெட்டாம் திகதி விமானம் ஏறுவதா இல்லையா என்பதை அவளே சொல்லட்டும். இருபத்தாறு வயதுப் பிள்ளைக்கு அந்த உரிமை உண்டு. அதற்கு முன் அவனோடு ரெலிபோனில் பேச விரும்பினால் திங்கள் மாலை வீட்டில் நிற்பான். நான் வெளியே போய்விடுவேன்.

இன்னும் ஒன்று. எங்கள் பத்மநாதனையும் அப்படி ஒரு வரிசையில் வைத்துத்தான் பிரித்தெடுத்தார்கள். திரும்பி வராத தம்பியைப் பற்றி உனக்கு நான் எழுதத் தேவையில்லை. எந்த ஊர், எந்த வருடம் என்று ஆனந்தராஜாவிடம் நான் கேட்கவில்லை. கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. கேட்டபின் அவனோடு ஒரே கூரையின் கீழ் என்னால் இருக்க ஏலாமல் போகலாம். சுகிர்தாவுக்குக் கேட்கத் தோன்றினால் கேட்கட்டும். அவன் என்ன சொன்னாலும் அதை எனக்கு மட்டும் எழுத வேண்டாம்.

பிள்ளை எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் அவளைத் திட்டாதே. அவளுக்கு என் ஆசீர்வாதம் முழுவதும் உண்டு.

உன் அக்கா,
சந்திரவதனா